பொன்னுலிங்கத்தின் வலது கால்

“நான் வாசிக்கது யாருக்குமே கேக்கல்ல டீச்சர்.”

“மெள்ளமா சொல்லுங்க அண்ணாச்சி. பிள்ளை உறங்குது.”

தாணுமூர்த்தி குரலைத் தாழ்த்திக்கொண்டு அதையே இன்னொரு தடவை சொன்னான்.

உப்பளத்தின் ஓரத்தில் இருந்தது அந்தத் தகரக் கொட்டகை. மதியம் இரண்டு மணி. வெளியே பாத்தி பாத்தியாக உப்பு வெளுத்துக் கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தால் நிற்கிற ஆளுக்கும் கண் சொருகும். கொட்டகைக்குள் உத்தரத்திலிருந்து ஒரு சேலைத் தொட்டில் தொங்கியது. உள்ளே எட்டு மாதப் பிள்ளை. தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, செலின் ஒரு ஸ்பீக்கருக்குப் புதுக் காகிதக் கோன் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

தாணுமூர்த்தியின் ஸ்பீக்கர்தான் அது. சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கிழித்துக் கொண்டுவந்திருந்தான். இந்த வருஷத்தில் இது மூன்றாவது தடவை.

அவனுக்கு நாற்பத்து நான்கு வயது. நாகர்கோவிலில் ஒரு மெல்லிசைக் குழுவில் பத்தொன்பது வருஷமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறான். அது என்ன கிட்டார் என்று கேட்கிறவர்களிடம், “பாட்டுக்கு அடியில டும் டும்னு ஒண்ணு போகும்லா, அதான்” என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவன். சொன்ன பிறகும் அவர்கள், “அப்படி ஒண்ணும் கேட்ட மாதிரி இல்லியே” என்பார்கள்.

செலினுக்கு முப்பது இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் சென்னையில் பாட்டுப் பதிவுகளுக்கு பேஸ் வாசித்தவள். புருஷன் கப்பலுக்குப் போனதும் பிள்ளையோடு ஊருக்கு வந்து, கிழிந்த ஸ்பீக்கர்களை ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வாசிக்கிறவள் என்பது தாணுமூர்த்திக்குப் போன வாரம்தான் தெரியும். தெரிந்த நிமிஷத்திலிருந்து டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். வேண்டாம் என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். கேட்கிற ஆளா அவன்.

“கேக்கல்லன்னு யாரு சொன்னது?”

“ராஜசிங்.”

குழு ராஜசிங்குடையது. போன மாதம் ஒரு கச்சேரியில் அவன் ஒரு காரியம் செய்தான். இரண்டு பாட்டுக்கு மட்டும், யாரிடமும் சொல்லாமல், தாணுமூர்த்தியின் சத்தம் வெளி ஸ்பீக்கர்களுக்குப் போகாமல் நிறுத்திவிட்டான். கீபோர்டு வாசிக்கிற ஜெனிஷை, இடது கையால் பேஸையும் சேர்த்து வாசிக்கச் சொல்லிவிட்டான். தாணுமூர்த்தி பாட்டுக்கு வியர்க்க வியர்க்க வாசித்துக்கொண்டிருந்தான்.

“கச்சேரி முடிஞ்ச பிறகு சொல்லுதான் டீச்சர். ரெண்டு பாட்டுக்கு நீ இல்ல வே, யாருக்கும் தெரியல்ல, உனக்கும் தெரியல்லங்கான்.”

செலின் பசை தடவுவதை நிறுத்தினாள். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“பன்னெண்டாந் தேதி ஒரு கல்யாண வரவேற்பு இருக்கு டீச்சர். அன்னைக்கு உனக்க சத்தம் தெரிஞ்சா நீ இரு. தெரியல்லன்னா அதோட நிறுத்திக்கோ, ஜெனிஷுக்க இடது கை போதும்னுட்டான். எனக்கு வேற எந்த வேலையும் தெரியாது டீச்சர். வேற எதுவும் பிடிக்கவும் செய்யாது.”



“அதுக்கு என்ன செய்திய?”

“வாங்குனேன்.”

வாசலில் நின்ற ஆட்டோவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வந்து உள்ளே அடுக்கினான். நாலு கம்பி கிட்டார் ஒன்று. ஐந்து கம்பி ஒன்று. ஆறு கம்பி ஒன்று. சத்தத்தை மாற்றுகிற சின்னச் சின்னப் பெட்டிகள் ஒரு பை நிறைய. அடுக்கி முடித்தபோது கொட்டகையில் கால் வைக்க இடம் இல்லை.

ஒவ்வொரு கிட்டாருக்குப் பின்னாலும் ஒரு வாத்தியார் இருந்தார். திருவனந்தபுரத்து வாத்தியார் ஐந்து கம்பி இல்லாமல் பேஸே இல்லை என்றார். சென்னை வாத்தியார் ஆறு கம்பி இல்லாதவனை ஆளாகவே மதிக்கவில்லை. போனில் வருகிற வெள்ளைக்கார வாத்தியாரோ கட்டைவிரலால் கம்பியை அறைந்து காட்டிவிட்டு, எல்லாம் மரத்தில்தான் இருக்கிறது என்றார். அன்று ராத்திரி தாணுமூர்த்தி தன் கிட்டார்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். எல்லாம் கதவு மாதிரிதான் கேட்டது.

“இதுல எது நல்லது டீச்சர்?”

செலின் மூன்றையும் பார்த்தாள். எதையும் தொடவில்லை.

“பிள்ளை எதுக்கு உறங்குதோ அது.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான். அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நாலு கம்பியை எடுத்து, அவளுடைய ஆம்ப் பெட்டியில் செருகி, சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்துக்கொண்டு, பூனை நடக்கிற மாதிரி வாசித்தான். எட்டு சுரம் போயிருக்காது. பிள்ளை எழுந்துகொண்டது.

ஆட்டி உறங்க வைத்தாள். ஐந்து கம்பி. எழுந்துகொண்டது.

மறுபடி ஆட்டினாள். ஆறு கம்பிக்கு அவன் சுருதி சேர்க்கும்போதே எழுந்துகொண்டது.

தாணுமூர்த்திக்கு முகம் சுண்டிப்போயிற்று. கச்சேரியில் கேட்கவில்லை என்கிறார்கள், இங்கே எட்டு மாதப் பிள்ளைக்குக் கேட்டுவிடுகிறதே என்று நொந்துகொண்டான்.

செலின் கையிலிருந்த பசையைக் கழுவினாள். சுவரில் தொங்கிய கறுப்புக் கிட்டாரை எடுத்தாள். பெயின்ட் உரிந்து, ஓரம் நைந்த கிட்டார். தொட்டிலை ஒரு தள்ளு தள்ளினாள். பிறகு ஆம்ப்பின் சத்தத்தைக் கூட்டினாள். கொஞ்சமாக இல்லை.

முதல் சுரத்துக்குத் தகரக் கூரை அதிர்ந்தது. பசைப் புட்டி மேஜையில் நகர்ந்தது. தாணுமூர்த்திக்கு உள்ளங்கால் வழியாக என்னவோ ஏறி வயிற்றில் வந்து உட்கார்ந்தது. வெளியே உப்பும் வெயிலும் கூட ஒரு ஓரமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்கிற மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் வாசித்தாள் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. ஆட்டோக்காரர் உட்கார்ந்தபடியே உறங்கிவிட்டார்.

பிள்ளை வாயைத் திறந்துகொண்டு உறங்கியது.

“டீச்சர், இது என்ன கம்பெனி?”

இதைத்தான் கேட்டான். வேறு யாராக இருந்தாலும் வேறு எதையாவது கேட்டிருப்பார்கள். பேஸ் கிட்டார்காரன் இதைத்தான் கேட்பான்.

“பிடிச்சிருக்கா? நீங்களே வச்சுக்கிடுங்க,” என்று அதை அவன் மடியில் வைத்தாள்.

அவன் வாங்கிக்கொண்டான். அவள் வைத்த அதே சத்தத்தில் வாசித்தான். பிள்ளை வீரிட்டு அழுதது.

செலின் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“வாசிக்கும்போது எங்க பாத்திய அண்ணாச்சி?”

“விரலைத்தான்.”

“சரி.”

தாணுமூர்த்தி கறுப்புக் கிட்டாரைச் சுவரில் மாட்டினான். அவமானமாக இருந்தது. ஆனாலும் போக மனம் வரவில்லை.

“நல்ல வாத்தியார் யாருன்னாவது சொல்லுங்க. எந்த ஊரா இருந்தாலும் போறேன்.”

“உங்க டிரம்ஸ்காரரு பேரு என்ன?”

“பொன்னுலிங்கம். நான் சேந்த நாள்லேருந்து அவருதான்.”

“அவரு வாசிக்கும்போது வலது கால்ல செருப்பு இருக்குமா, இருக்காதா?”

தாணுமூர்த்தி யோசித்தான். பத்தொன்பது வருஷம். எத்தனை மேடை, எத்தனை வேன் பயணம், எத்தனை பிரியாணி. பொன்னுலிங்கத்தின் காலை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

“தெரியல்ல.”

“பாத்துட்டு வாங்க. இதெல்லாம் இங்க கெடக்கட்டும்.”

*

“இருக்காது டீச்சர். வலது காலை மட்டும் கழட்டி வைக்காரு. இடது கால்ல கெடக்கு.”

மூன்று நாள் கழித்து வந்து, பெரிய காரியத்தைச் சாதித்தவன் மாதிரி சொன்னான்.

“டிரம்மை மிதிக்கும்போது பெருவிரல் என்ன செய்யுது?”

“பெருவிரலா?”

“ஆமா.”

அவனுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வரவேற்புக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. கிட்டாரைத் தொடவிடாமல் ஒருவன் காலைப் பார்த்துவா என்று அலைய விடுகிறாளே, நான் என்ன வைத்தியனா என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் முனகிக்கொண்டே போனான். குழுவில் யாரோ விட்டுப்போன பழைய கிட்டார் ஒன்று கிடந்தது. ஒத்திகைக்கு அதை மாட்டிக்கொண்டு, டிரம்ஸின் பக்கவாட்டில், கால் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றான்.

பொன்னுலிங்கத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. வடசேரியில் தையல் கடை வைத்திருந்தார். பகலெல்லாம் தையல் மெஷினை மிதிப்பார். ஒத்திகைக்கு வந்தால் பெரிய டிரம்மின் பெடலை மிதிப்பார். அதிகம் பேசமாட்டார்.

“என்ன வே, எனக்க காலையே பாத்துட்டு நிக்க? அவ்வளவு அழகாவா இருக்கு?”

“சும்மா, லிங்கண்ணே.”

“சும்மா பாக்கவனுக்கு ஏன் வே இப்படி வேர்க்குது?”

இரண்டு நாளில் செலினிடம் வந்து நின்றான். இந்தத் தடவை குரலில் கோபம் இல்லை.

“மிதிக்கதுக்கு முன்னால பெருவிரல் மேல வருது டீச்சர். ஒரு பொட்டுத்தான். பல்லி தலையைத் தூக்கிப் பாக்கும்லா, அதுமாதிரி.”

“விரல் மேல வாறதுக்கும் மிதி விழுறதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?”

“கொஞ்சம்தான்.”

“எவ்வளவு கொஞ்சம்?”

தாணுமூர்த்தி வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனான்.

அந்த நடுவில் இருக்கிற நேரத்தைப் பிடிக்கப் போனவன் அதற்குள்ளேயே விழுந்துவிட்டான். பெருவிரல் மேலே வரும். பிறகு ஒன்றும் இருக்காது. கீபோர்டும் பாட்டும் ராஜசிங் போடுகிற சத்தமும் எங்கேயோ தள்ளிப் போய்விடும். பெரிய வீட்டு முற்றத்தில் தன்னந்தனியாக நிற்கிற மாதிரி இருக்கும். பிறகு மிதி விழும். மறுபடி விரல் மேலே வரும். ஒரு நாள் பாட்டு முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகும் அவன் அப்படியே நின்றான். ராஜசிங் வந்து தோளைப் பிடித்து உலுக்கினான்.

அன்றைக்குத்தான் அதையும் பார்த்தான். சில நேரம் விரல் மேலே வந்து, மிதி கொஞ்சம் பிந்தி விழுந்தது. ஒருமுறை விழவே இல்லை.

எல்லாரும் போன பிறகு கேட்டான்.

“லிங்கண்ணே, காலுக்கு என்ன?”

பொன்னுலிங்கம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

“மரத்துப் போகுது வே. சக்கரை. ஒருசில நேரம் கால் இருக்கா இல்லியான்னே தெரியாது.” வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “சிங்குட்ட சொல்லிராத. தெரிஞ்சா மறுநாளே டிரம்ஸுக்கு மெஷின் வாங்கிருவான். தையல்ல சோறு கெடைச்சிரும் வே. ஆனா இது இல்லேன்னா நான் செத்துருவேன்.”

“சொல்லமாட்டேன்.”

தாணுமூர்த்திக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பக்கத்திலேயே நின்று, இத்தனை காலம் இந்த மனுஷனைத் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. இரண்டையும் சொல்லாமல், அவர் பையை வாங்கிக்கொண்டு படியிறங்கினான்.

*

பதினோராம் தேதி மதியம் உப்பளத்துக்குப் போனான்.

“எவ்வளவு நேரம்னு தெரியல்ல டீச்சர். அளக்கப் போனா நான் காணாமப் போயிருதேன்.”

“அப்போ யாரு வாசிக்கா?”

“அதுவும் தெரியல்ல. கை அது பாட்டுக்குப் போகுது.”

செலின் தலையை ஆட்டிவிட்டு பசைப் புட்டியைத் திறந்தாள். அவன் கைக்கு எட்டிய கிட்டாரை ஆம்ப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் நெஞ்சில் கிடந்தது. அதை நினைத்துக்கொண்டே, தொட்டில் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே வாசித்தான். வெயில் தகரத்தில் டிக் டிக்கென்று வெடித்தது. உப்பு வாருகிற பெண்கள் தூரத்தில் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய காலே தரையில் படாத மாதிரி, வெயில் அவர்களைத் தூக்கிப் பிடித்திருந்தது.

ஒரு ஸ்பீக்கரை முழுசாக ஒட்டி முடித்த பிறகுதான் செலின் தலையைத் தூக்கினாள். எட்டிப் பார்த்து ஆம்ப்பின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தாள். தொட்டிலில் சத்தமே இல்லை.

தாணுமூர்த்தி இதில் எதையும் கவனிக்கவில்லை.

“நாளைக்கு எதைக் கொண்டு போகட்டும் டீச்சர்?” என்று எழுந்திருக்கும்போது கேட்டான்.

“கதவுக்குக் கிட்ட எது கெடக்கோ அதை எடுத்துட்டுப் போங்க. நடக்கதுக்கு வழியில்லாமக் கெடக்கு.”

*

வரவேற்பு பகல் பன்னிரண்டு மணிக்கு. கோட்டாறு பக்கம் ஒரு மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கமும் பெண் வீட்டார் ஒரு பக்கமும், நடுவில் ஐஸ்கிரீம் மேஜையுமாகக் கூட்டம் நெரிந்தது.

தாணுமூர்த்தி தன் ஆம்ப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் எத்தனையில் இருக்கிறது என்றும் பார்க்கவில்லை. பொன்னுலிங்கத்தின் வலது பக்கம் போய் நின்றுகொண்டான். எந்தக் கிட்டாரைக் கொண்டுவந்தோம் என்றுகூட அவனுக்கு நினைவில்லை.

முதல் பாட்டு போயிற்று. விரல் மேலே வந்தது, மிதி விழுந்தது. விரல் மேலே வந்தது, மிதி விழுந்தது.

இரண்டாவது பாட்டின் நடுவில் விரல் மேலே வரவில்லை.

தாணுமூர்த்தி நிமிர்ந்து பார்த்தான். பொன்னுலிங்கத்தின் இரண்டு கைகளும் வாசித்துக்கொண்டுதான் இருந்தன. முகத்தில் மட்டும் ரத்தம் இல்லை. தண்ணீரில் கை நழுவிப்போன ஆள் பார்க்கிற மாதிரி அவர் இவனைப் பார்த்தார்.

மிதி விழவேண்டிய இடம் வந்தது. அந்த இடம் இவனுக்குத் தெரியும். ஒரு வாரமாக அதற்குள்தான் குடியிருந்தான். இடது கையால் கம்பியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அந்த இடத்தில் ஒரு தட்டுத் தட்டினான். சுரம் இல்லை, டும்மென்று ஒரு அடி மட்டும். மிதி.

அடுத்த இடத்திலும் வைத்தான்.

அதன் பிறகு நடந்தது அவனுக்கு ஒழுங்காக நினைவில்லை. மண்டபம் மெதுவாக ஆடிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. பெண்ணின் மாமா ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட வந்தார். அவர் பின்னால் நாலு பேர். பிறகு ஒரு கூட்டம். ஒரு கிழவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். இதெல்லாம் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி தாணுமூர்த்திக்குத் தெரிந்தது. பொன்னுலிங்கத்தின் முகத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பி வந்ததை நன்றாகப் பார்த்தான். எந்தக் கச்சேரியிலும் அவனுக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். மண்டபம் காலியாயிற்று. வயர்களைச் சுற்ற ஆரம்பித்தார்கள்.

ராஜசிங் டிரம்ஸ் பக்கம் வந்தான். கண்ணெல்லாம் மின்னியது.

“லிங்கண்ணே, இன்னைக்கு அது காலா, வேற என்னமுமா? நெஞ்சுக்குள்ள வந்துல்லா இடிச்சுது. மாப்பிள்ளைக்க அப்பா வந்து கேக்காரு, டிரம்ஸ் வாசிச்சவரு யாருன்னு.”

பொன்னுலிங்கம் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

ராஜசிங் தாணுமூர்த்தி பக்கம் திரும்பினான். சிரிப்பு குறைந்தது. கெட்டவன் இல்லை அவன். சொல்லவேண்டியதைச் சொல்லக் கஷ்டப்பட்டான்.

“இன்னைக்கும் உனக்க சத்தம் கேக்கல்ல வே. காதைத் தீட்டி வச்சுட்டுத்தான் கேட்டேன். டிரம்ஸ்தான் கேட்டுது. தப்பா நினைக்காத. இதோட நிறுத்திக்கிடுவோம்.”

தாணுமூர்த்தி கிட்டாரைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையில் பொன்னுலிங்கம் நாளையிலிருந்து வீட்டில் இருப்பார். அழுகை வருகிற மாதிரி இருந்தது.

“சரி சிங்கு,” என்றான். பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

ராஜசிங் அவன் தோளில் தட்டிவிட்டு நகரப் போனான்.

“சிங்கு, நில்லு.”

பொன்னுலிங்கம் தன் வலது காலை இரண்டு கையாலும் தூக்கி, நகர்த்தி, பெடலுக்கு வெளியே வைத்தார்.

“ரெண்டாவது பாட்டுலயே எனக்குக் கால் மரத்துட்டு. அதுக்குப் பிறகு நான் மிதிக்கவே இல்ல.”